செவி கொடுத்தவன்

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றின் பின்னர், மே மாதத்திற் பாடசாலைகள் மீளத் திறந்தபொழுது, எமது கல்லூரி வாயிலில் ஒரு புதிய வழக்கம் உண்டாயிற்று. மாணவர் புத்தகப் பைகளைத் திறந்து காட்டிய பின்னரே உட்செல்ல வேண்டும், ஆசிரியரும் அவ்வாறே. பெற்றோர் முறைவைத்துக் காலைதோறும் ஒரு மேசையருகே நின்று சோதித்தனர். எமது பையை ஒருவரும் முழுமையாகத் திறந்து பார்த்ததில்லை. "நீங்கள் போங்கோ சேர்" என்பார்கள். எமக்குப் பின்னால் வரும் விஞ்ஞான ஆசிரியருடைய பையோ நாள்தோறும் அம்மேசையிற் கவிழ்க்கப்பட்டது. சோற்றுப் பெட்டி, சிவப்பு மைப் பேனை, வினாத்தாட் கட்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு. அவர் காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் அன்பர். பதினொரு வருடம் எம்மோடு ஒரே அறையிலிருந்து தேநீர் அருந்தியவர். கொட்டியவற்றை அவர் ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் அடுக்குவார். நாம் அவருக்காகக் காத்து நிற்பதுமில்லை, நில்லாமற் செல்வதுமில்லை. நடையைச் சற்றுத் தளர்த்துவோம், அவ்வளவே.

முதல் நாள் உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "அவனுகள் ஏன் சேர் அப்படிச் செய்தவனுகள்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் வியப்பில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் அன்று காலை ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலர் மாண்டனர். நாடெங்கணும் இறந்தோர் 260இற்கு மேற்பட்டோர். தற்கொலைக் குண்டுதாரிகளின் தலைவனான ஸஹ்ரான் ஹாஷிம் பிறந்து வளர்ந்த காத்தான்குடியோ எமது நகரிலிருந்து சைக்கிளிற் செல்லக்கூடிய தூரத்தில் உள்ளது. "மதவெறி" என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு நாம் பாடத்தைத் தொடங்கினோம். மாணவன் அமர்ந்தான், அவனுக்கு அவ்விடை போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எமக்கும் போதவில்லை.

அன்று தொடக்கம் இப்பொருள் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்து வருகிறோம். முதலில் உதிர்ந்தது, வறுமையே காரணம் என்ற எமது எண்ணம். அக்குண்டுதாரிகளில் இருவர் கொழும்பிற் பெருஞ்செல்வரான வாசனைத் திரவிய வணிகர் ஒருவரின் புதல்வர்கள்; இன்னொருவன் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் கற்றுத் திரும்பியவன். அடுத்து உதிர்ந்தது, மதக்கல்வி மிகுந்தோரே இவ்வழி செல்வர் என்பது. அமெரிக்க உளமருத்துவரும் முன்னாள் உளவுத்துறை அலுவலருமான மார்க் சேஜ்மன் இத்தகைய 172 பேருடைய வாழ்க்கை வரலாறுகளை ஆராய்ந்து 2004இல் ஒரு நூல் எழுதினார். பெரும்பாலோர் நடுத்தர வகுப்பினர் அல்லது அதற்கு மேலானோர். மதப் பாடசாலையிற் கற்றோர் சிறுபான்மையினர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இயக்கத்திற் சேருமுன்னரே அதிலிருந்த ஒருவரோடு நட்புப் பூண்டிருந்தனர். 2013இல் பேர்மிங்ஹாமிலிருந்து சிரியாவுக்குப் போருக்குச் சென்ற இரு இளைஞர், புறப்படுமுன் இஸ்லாத்தைப் பற்றி ஒன்றுமறியாதாருக்கு எழுதப்பட்ட தொடக்கக் கையேடுகளை அஞ்சலில் வருவித்தார்கள் என்பது அவர்களது வழக்கில் வெளிவந்தது. உயிரைக் கொடுக்கத் துணிந்த பின்னரே அவர்கள் அரிச்சுவடியைத் திறந்திருக்கிறார்கள்!

ஆயின் அவர்களை இழுத்தது யாது? எம்மைத் தூங்கவொட்டாது செய்த செய்தி இலண்டனிலிருந்து வந்தது. 2005ஆம் ஆண்டு யூலை 7ஆந் திகதி அந்நகரின் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் நால்வர் குண்டு வெடிக்கச்செய்து 52 பேரைக் கொன்றனர். நால்வருள் மூத்தவன் மொஹமட் சித்தீக் கான், வயது முப்பது. அவன் லீட்ஸ் நகரத்து ஆரம்பப் பாடசாலையொன்றிற் சில வருடம் துணையாசிரியன் போன்ற ஒரு பணியில் இருந்தவன். வீட்டுக் குழப்பத்தால் வகுப்பில் இருப்புக்கொள்ளாத பிள்ளைகள், வேற்று நாட்டிலிருந்து புதிதாக வந்து மொழி தெரியாது விழிக்கும் பிள்ளைகள் ஆகியோரை அருகிலிருத்தித் தேற்றுவது அவன் கடமை. அதனை அவன் நன்கு செய்தான் என்றே உடன் பணியாற்றியோர் கூறினர். பிள்ளைகள் அவனை விரும்பினார்கள். மாலையில் உடற்பயிற்சிக் கூடத்திலும் இளைஞர் கழகத்திலும் அதே திறமையோடு அவன் இளைஞர்களைத் திரட்டினான். குண்டுவெடிப்புக்கு ஒரு மாதத்துக்கு முன் தன் குழுவினருடன் வேல்ஸ் நாட்டில் ஆற்றுவெள்ளத்திற் படகோட்டி விளையாடினான். அவனோடு இறந்தவர்களுள் ஒருவனுக்கு வயது 18.

இதனை வாசித்த இரவு எமக்கு அச்சம் உண்டாயிற்று. அவன் எம் தொழிலினன். பின்வாங்கில் தலைகுனிந்திருக்கும் பையனைக் கண்டுபிடிப்பதும், அவனிடம் தனியே இரண்டு சொற் பேசுவதும், அவன் மறைத்து வைத்த சிறு புண்ணைத் தொட்டறிவதும் நல்லாசிரியன் இலக்கணமென்று நாம் பயிற்சிக் கலாசாலையிற் படித்தோமன்றோ! ஆள் பிடிப்போனும் அதையே செய்கிறான். அவன் முதலிற் கொள்கையைப் பேசுவதில்லை, செவி கொடுக்கிறான். பையனுடைய அவமானத்தைப் பொறுமையாகக் கேட்டபின் அதற்கு ஒரு பெரிய பெயர் சூட்டுகிறான். "இது உனக்கு மட்டும் நேர்ந்ததன்று, நம்மவர் அனைவர்க்கும் நேர்ந்தது" என்கிறான். அதன்பின் அவனை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறான். தாய்க்கு விளங்காது, தந்தை கோழை, பள்ளிவாசற் பெரியவர் அரசாங்கத்தின் ஆள், பழைய நண்பர் வழிதவறியோர் என்று ஒவ்வொரு கதவாக அடைத்து வருகையில், இறுதியிற் பையனுக்குத் திறந்திருப்பது ஒரே கதவு. ஆசிரியன் பையனை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறான்; மற்றவன் அனுப்புவதில்லை. வேற்றுமை இவ்வளவே என்று எமக்குத் தோன்றிற்று.

நூல்களிற் படித்ததனால் மட்டும் இதை எழுதுகிறோமல்லோம். நாம் படுவான்கரையிற் பிறந்தவர். 1995இல் எமக்கு வயது பதினாறு. மாலைதோறும் கரப்பந்தாட்டத் திடலுக்கு ஓர் அண்ணன் வருவார். துவக்கை வேலியோரம் சாத்திவிட்டு எம்முடன் ஆடுவார். எமது வாங்குத் தோழனுடைய தகப்பனாரைச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் மகனுக்கு முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தான். தோழன் அதை எம்மிடங்கூடச் சொன்னதில்லை. அண்ணனிடம் சொன்னான். அவர் பல நாள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள், "தம்பி, அது உன்ர அப்பாட கன்னமில்லை, எங்கட இனத்திட கன்னம்" என்றார். எமக்கு மெய் சிலிர்த்தது. இன்றும் அவ்வசனத்தை நினைக்கையிற் சிலிர்க்கிறது என்பதை மறைப்பானேன்?

1990ஆம் ஆண்டு ஓகஸ்ற் 3ஆந் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் ஒரு முறை அவ்வண்ணனிடம் கேட்டோம். "அது நாங்கள் செய்யேல்லை" என்றார். உடனேயே, "அவங்கள் காட்டிக்கொடுத்தவங்கள்தானே" என்றும் சொன்னார். இவ்விரண்டு விடையும் ஒன்றையொன்று வெட்டுவதை அன்று நாம் காணவில்லை. கொன்றோர் தமிழ் இயக்கத்தவர் என்பதை ஊர் அறியும். நாமும் அறிவோம். அறிந்துகொண்டே இரண்டையும் ஒருங்கே நம்பினோம்.

புறப்படுவதென்று நாங்கள் குறித்த நாளில் எமக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. பாயிற் கிடந்து நடுங்கினோம். தோழன் தனியே சென்றான். இரண்டு வருடங் கழித்து வன்னியில் அவன் மாண்டான் என்ற செய்தி அவன் வீட்டை வந்தடைந்தது. எமது அறிவோ நல்லொழுக்கமோ எம்மைத் தடுத்ததென்று எவரும் எண்ணற்க. ஒரு நுளம்பு தடுத்தது. அப்போரையும் இப்பொழுது நாம் பேசும் கூட்டத்தையும் ஒன்றென்று கூறவில்லை. காரணமும் வேறு, கொள்கையும் வேறு. பதினாறு வயதுப் பையன் நுழையும் வாசல் மட்டும் பழக்கமான வாசலாகத் தெரிகிறது.

அன்று எமது ஊர் அண்ணன் சைக்கிள் ஓடும் தூரத்துக்கே செவி கொடுக்க இயன்றது. இன்று அத்தூரம் இல்லை. அமெரிக்காவிற் பிறந்த அன்வர் அல்-அவ்லாக்கி என்பவனை எடுத்துக்கொள்வோம். நபிமார் வரலாறுகளை அவன் ஆங்கிலத்தில் இனிமையாகக் கூறிய ஒலிப்பதிவுகள் ஒரு காலத்திற் பல முஸ்லிம் இல்லங்களில் இருந்தன. அவற்றிற் குற்றங் காண்பது அரிது. அக்குரலில் நம்பிக்கை வைத்த செவிகளையே அவன் பின்னர் கொலைக்கு அழைத்தான். 2011 செப்டெம்பரில் யேமன் நாட்டில் அமெரிக்காவின் ஆளில்லா விமானத் தாக்குதலில் அவன் இறந்தான். ஆயினும் யூரியூப் நிறுவனம் அவன் பேச்சுக்களைப் பெருமளவில் அகற்றியது 2017இலேதான். இறந்த ஒருவன் ஆறு வருடம் பேசிக்கொண்டிருந்தான்.

2014 யூனில் அபூபக்ர் அல்-பக்தாதியின் கூட்டத்தார் ஈராக்கிலும் சிரியாவிலும் கிலாபத் அமைத்தோம் என்று பறைசாற்றியபோது, 80இற்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 40,000 பேரளவில் அங்கு சென்றனர். அவர்கள் கழுத்தறுக்குங் காட்சியைக் கண்டு மயங்கிச் சென்றார்களென்றே நாம் எண்ணியிருந்தோம். சார்லி வின்டர் என்னும் ஆங்கில ஆய்வாளர் 2015இல் அக்கூட்டத்தின் ஒரு மாத வெளியீடுகள் அனைத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்டவை அமைதியான அன்றாட வாழ்வின் படங்கள்: சந்தையிற் குவித்த காய்கறி, மருத்துவமனை, செப்பனிட்ட வீதி, சிறுவர் விளையாட்டு. கழுத்தறுக்குங் காட்சியை எமக்கு ஓயாது காட்டியவை எமது தொலைக்காட்சிகளே. சேர வேண்டியவனுக்கு அவர்கள் காட்டியது வீடு. 2015 பெப்ரவரியில் இலண்டனின் ஒரே பாடசாலையைச் சேர்ந்த மூன்று மாணவிகள், பதினைந்தும் பதினாறும் வயதினர், துருக்கி வழியாகச் சிரியாவுக்குச் சென்றார்கள். படிப்பிற் கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களுடைய தோழி ஒருத்தி இரண்டு மாதத்துக்கு முன்னரே சென்றிருந்தாள். எமது மகளுக்கும் அவ்வருடம் பாடசாலைத் தோழியே உலகம். நாம் சொல்வதெல்லாம் இரண்டாம் பட்சம்.

அக்கூட்டத்தார் 2014 யூலை முதல் ஆங்கிலத்தில் ஒரு சஞ்சிகை நடத்தினர். பெயர் 'தாபிக்'. அது வட சிரியாவிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். உலக முடிவுக்கு முன் பெரும்போர் அங்கு நிகழுமென்று ஒரு முன்னறிவிப்பு உண்டென்பர். 2016 ஒக்ரோபரிற் பெரும்போர் ஏதுமின்றி அவ்வூர் அவர்கள் கைநழுவிற்று. அதற்குச் சில வாரம் முன்னரே சஞ்சிகைக்கு 'றூமியா' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்! பத்திராதிபர்களின் சாமர்த்தியத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

அந்தச் சஞ்சிகையின் ஏழாம் இதழில், 2015 பெப்ரவரியில், ஒரு கட்டுரை வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக உலகைப் பிரித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் பரப்பு இருப்பதாக அது கூறிற்று. முஸ்லிம்கள் பிறரோடு அயலவராய், உத்தியோகத்தராய், நண்பராய் வாழும் இடமே அப்பரப்பு. அதனை அழித்தொழிப்பதே நோக்கம். வழியையும் அது மறைக்கவில்லை: தாக்குதல் நடந்தாற் பிறர் முஸ்லிம்களை வெறுப்பர், வெறுக்கப்பட்ட முஸ்லிம் வேறு போக்கிடமின்றித் தம்மிடம் வருவான். அப்படியாயின், அவர்கள் எதிர்பார்த்துக் கணக்கிட்டிருந்த படையில் நாமும் ஒரு பிரிவு.

ஸஹ்ரான் பேசியது அரபுமன்று, ஆங்கிலமுமன்று. தமிழ். முகநூலில் அவன் செய்த உரைகளைக் கேட்டவர், சொல்வன்மையில் அவனைக் குறை கூறவில்லை. நாம் வகுப்பிற் கற்பிக்கும் அதே மொழியில் அவன் கற்பித்தான். கற்ற மதரஸாவிலிருந்து விலக்கப்பட்டவன். தானே ஒரு சபை அமைத்துக்கொண்டவன். 2017 மார்ச் மாதத்திற் காத்தான்குடியில் சூபி வழியினரோடு அவன் கூட்டத்தார் மோதிய பின்னர் தலைமறைவானான். அவனைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. வீதியில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தார்கள், அதிகாரிகளுக்கு எழுதினார்கள். 2019 ஏப்ரல் முற்பகுதியில் இந்தியாவிலிருந்தும் எச்சரிக்கை வந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. கடமை தவறினார்களென்று முன்னாள் ஜனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியிற் குற்றங்கண்டு, நட்டஈடு செலுத்தப் பணித்தது.

செவி கொடாதவர் அதிகாரிகள் மட்டுமோ? 2017இல் அம்மோதல் நடந்த வாரம் விஞ்ஞான ஆசிரியர் தேநீர்க் கோப்பையைக் கையிற் பிடித்தபடி, "எங்கட ஊர்ல ஒருவன் பொடியன்மாரைக் கெடுக்கிறான் சேர். தகப்பனைக் கண்டால் ஸலாம் சொல்லாத பிள்ளையும் இருக்கு இப்ப" என்று எம்மிடம் கூறினார். ஜிஹாத் என்பது முயற்சியைக் குறிக்கும் சொல், தன் நெஞ்சின் தீமையோடு பொருதலும் அதில் அடங்கும், அதை இப்படிச் சிதைக்கிறார்களே என்றும் வருந்தினார். நாம் புள்ளிப் பதிவேட்டில் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தோம். "அப்படியா" என்றோம். அவர்களுக்குள் ஏதோ பிரிவினை என்று எண்ணினோம். கூட்டிய எண் பிழைத்தது. மறுபடி முதலிலிருந்து கூட்டினோம். அவர் தேநீரைக் குடித்து முடித்து எழுந்து சென்றார்.

2019 மே மாதத்தின் நடுப்பகுதியில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வாரம் எமது உயர்தர வகுப்பில், முதல் நாள் கேள்வி கேட்ட அதே மாணவனின் கைத்தொலைபேசியை நாம் பறித்தோம். எரியும் கடையொன்றின் காட்சி அதில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே சிரிப்புக் குறிகள். அவனைத் தண்டிக்கவே ஆசிரியர் அறைக்கு அழைத்தோம். ஏனோ உட்காரச் சொன்னோம். ஒரு மணி நேரம் அவன் பேசினான். சீயோன் தேவாலயத்தில் அவனுடைய ஆரம்பப் பாடசாலைத் தோழனின் தங்கை இறந்திருந்தாள். சவப்பெட்டி மூடியே இருந்ததாம். வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவிடவில்லை. இரவில் அவனோடு பேசியது வட்ஸ்அப் குழுவொன்று. அதில் அவனுக்கு ஒரு 'அண்ணன்' இருந்தார். அவர் முகத்தை அவன் கண்டதில்லை. "அவர் மட்டும்தான் சேர் கேட்டவர்" என்றான்.

நாம் அவனுக்கு நீண்ட அறிவுரை ஒன்றும் கூறவில்லை. சாய்ந்தமருதில் ஏப்ரல் 26ஆந் திகதி ஸஹ்ரானின் குடும்பத்தார் பதுங்கியிருந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்கள் என்பதையும், குண்டுதாரிகளைத் தம் மையவாடிகளில் அடக்க உலமாக்கள் மறுத்தார்கள் என்பதையும் சொன்னோம். அவன் கேட்டுக்கொண்டான். நம்பினானோ அறியோம். அன்று முதல் வாரத்துக்கு இரு முறை பாடசாலை விட்டதும் வந்து அமர்வான். பெரும்பாலும் கிரிக்கெற் பற்றிப் பேசுவான். விஞ்ஞான ஆசிரியர் உள்ளே வந்தால் எழுந்து போய்விடுவான். அந்த ஒன்றை மாற்ற எம்மால் இயலவில்லை.

வாயில் மேசையைப் பற்றி நாம் ஒருவரிடமும் பேசவில்லை. "எமது பையையும் கொட்டுங்கள்" என்று ஒரு காலை சொல்லியிருக்கலாம். மூன்று சொற்கள். பல மாதம் நாம் அவற்றை நாவில் வைத்துக்கொண்டே அவ்வாயிலைக் கடந்தோம்.

மறு வருடம் ஜனவரியில் அவர் தம்மூர்ப் பாடசாலைக்கு இடமாற்றங் கேட்டுப் பெற்றுக்கொண்டார். காரணமாக, தாயாரின் சுகவீனம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். கடைசி நாள் நாமும் அவருமாக வாயில்வரை நடந்தோம். மேசை எடுக்கப்பட்டுச் சில மாதங்களாகியிருந்தன. அங்கு எவரும் நிற்கவுமில்லை. அவர் அவ்விடத்துக்கு வந்ததும் தாமாகவே நின்றார். எம்மோடு பேசியபடியே, பழக்கத்திற் பையின் வாரை அவிழ்க்கத் தொடங்கினார்.